பின்னிணைப்பு மூன்று: உருகல்

சுழியோடி எழுதியவை ஆறு நாவல்கள்.
ஏழு என்பார் மூதூர் நஸ்மி,
மூன்றாம் நாவலின் இரண்டு பதிப்பையும்
இரண்டு புத்தகமாக எண்ணுகிறவர்.
அந்தச் சண்டை முதற்பக்க அடிக்குறிப்பில்
இன்னும் நடக்கிறது.

நாங்கள் ஐந்து பேர்.
ஞாயிறு பின்னேரம், உள்துறைமுக வீதியில்
டெலிசியா வீட்டு மேல்மாடி.
பிளேன்ரீ, மழைக்கு வீங்கிய புத்தகங்கள்.
கைநூல் ஒன்று செய்கிறோம்:
சுழியோடி, வாழ்வும் வெண்புர நாவல்களும்.

வாழ்வு ஒன்றரைப் பக்கம்.
இயற்பெயர் கனகநாயகம். ஊர் உப்புவெளி.
பிறந்த ஆண்டில் இருவேறு கருத்து.
தொழில், எழுதுவினைஞர். எங்கே என்று தெரியாது.
புகைப்படம் ஒன்றே ஒன்று, கோட்டை வாசலில்;
அதிலும் வெளிச்சம் பக்கத்து மானில்தான்.

நாவல்களுக்கு நூற்றிப்பத்துப் பக்கம்.
அரசர் வழியைச் சுரேக்கா கீறினாள்.
பேசும் திருக்கை சொன்ன பதினொரு பொய்களை
யதுகுலன் தொகுத்தான்.
பனியரசியின் இதயத்தைச் சாக்கில் சுற்றி,
மரத்தூளில் புதைத்து,
வடக்கே பவளத்துறைக்குக் கொண்டோடும் தூதனுக்கு மட்டும்
நாலு பக்கம்.

அளவைகள் என் பொறுப்பு.
வெண்புரத்தில் தூரத்தை
உருகலால் அளப்பார்கள்.
பவளத்துறை நாலு உருகல், முதல் நாவலில்.
நாலாவதில் அதே வழி பதினொன்று.
ஐந்தாவதில் பத்தொன்பது.
ஆறாவதில் திரும்பவும் ஐந்து.
ஓர் உருகல் எத்தனை கட்டை?
நான் சூத்திரம் எழுதினேன்,
யதுகுலன் அழித்தான்.
இன்னொன்று எழுதினேன்.
கடைசியில் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டு
"ஆசிரியரின் கவனக்குறைவு" என்று
பிழைப்பட்டியலில் பதினேழாவதாய்ச் சேர்த்தோம்.
எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும்தான்.
பிடித்தவரின் பிழையைக் கண்டுபிடிப்பது
அவர் சட்டையில் திறந்து கிடக்கும் பொத்தானைப்
பூட்டிவிடுவது மாதிரி.

டெலிசியாவுக்கு விலைமதிப்புத் திணைக்களத்தில் வேலை.
போன மாதம்
மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலைக்
காணியை மதிக்கப் போனாள்.
அலுமாரி நிறையக் கணக்குப் புத்தகங்கள்,
பாதி கறையானுக்கு.
மீதியில் ஒன்றைத் திறந்துவிட்டு
போன் எடுத்தாள்:
"உன்ர பின்னிணைப்பைக் கிழி."

அந்தச் சாய்ந்த ழகரம் எங்களுக்குத் தெரியும்.
நஸ்மியிடம் உள்ள ஒரே கடிதத்தின் ழகரம்.
திகதி. லொறி. சாரதி. போகுமிடம்.
ஏற்றிய கட்டி. இறக்கிய கட்டி.
கடைசிப் பத்திக்குக் கையால் கோடிழுத்து
அவரே தலைப்பிட்டிருக்கிறார்:
உருகல்.

குச்சவெளி. ஏற்றியது நாற்பது. உருகல் நாலு.
சில வருடங்கள் அப்படியே, நாலு, மூன்று, நாலு,
வெயில் காலத்தில் ஐந்து.
பிறகு
குச்சவெளி. நாற்பது. பதினொன்று.
குச்சவெளி. நாற்பது. பத்தொன்பது.
ஓரத்தில் பென்சிலால்:
மூன்று இடத்தில் இறக்கி ஏற்றியது.
சாக்கையும் அவிழ்த்துப் பார்த்தார்கள்.

ரோட்டு அதே ரோட்டு.
இருபத்தொரு கட்டை, அன்றும் இன்றும்.
நான் அதில் எத்தனை தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன்,
யன்னலோரம்,
மடியில் நாலாம் நாவலோடு.

இரண்டு பக்கம் தள்ளி
குச்சவெளி. நாற்பது. நாற்பது.
குறிப்பு ஒன்றும் இல்லை.
அதற்குப் பிறகு சாரதி பத்தியில்
வேறு பெயர்.

நேற்றுக் கூடினோம்.
"தொழில்" என்ற இடத்தில்
ஐஸ் தொழிற்சாலையை எழுதினோம்.
பதினேழாம் பிழையை அடித்தோம்.
இனிப் பதினெட்டு பதினேழாகும் என்று
சுரேக்கா இலக்கத்தை மாற்றி
உரக்க வாசித்தாள்:
"ஐந்தாம் நாவலின் பாதியில்
தூதனின் பெயர் காரணமின்றி மாறுகிறது.
ஆசிரியர் மறந்திருக்க வேண்டும்."

யதுகுலன் மேசைக்குக் கீழே குனிந்து
பேனாவின் மூடியைத்
தேடத் தொடங்கினான்.